வலம் மட்டுமே தெரிந்த வண்டி

நாற்பத்து நாலு வயது வரைக்கும் ரஞ்சிதம் பின்சீட்டிலேயே உட்கார்ந்து வாழ்ந்தவள். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் கேரியர், கல்யாணமானதும் கோதண்டத்தின் மொபெட், அப்புறம் மகள் தேவிப்பிரியாவின் ஸ்கூட்டி. ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் சீட்டையும் மறு கையால் முந்தானையையும் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதை முன்னால் இருப்பவர் பார்த்துக்கொள்வார். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. மகள் போகும்வரை.

தேவிப்பிரியா போனது பதினாலு மாதத்துக்கு முன்னால். பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையைத் தாண்டி, பவர்லூம் ஓட்டுகிற ராஜீவ் என்ற பையனைத் திருத்தணி மலைமேல் வைத்துக் கட்டிக்கொண்டாள். காலேஜுக்கு ஓட்டிப்போன ஸ்கூட்டியை மட்டும் சாவியோடு பக்கத்துக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, தகவல் சொல்லச் சொல்லியிருந்தாள். கோதண்டம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மாட்டுக்கொட்டகையில் நிறுத்தி, மேலே சாக்கைப் போட்டு மூடினார். சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டினார். அன்றிலிருந்து மகள் பேரை அவரும் எடுக்கவில்லை, அவர் எதிரே எடுக்க யாருக்கும் தைரியமில்லை. அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் தூரத்தில் தணிகை மலை தெரியும். மனிதர் அதற்கும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த குற்றத்துக்கு முருகனோடும் பேச்சு நின்றுபோனது.

ரஞ்சிதத்துக்கு அப்படி யாரோடும் கோபித்துக்கொள்ளத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஏக்கம்தான். மூன்று தட்டு வைத்துவிட்டு ஒன்றை எடுத்து உள்ளே வைப்பாள். வாரம் ஒருமுறை, கோதண்டம் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போன நேரமாகப் பார்த்து மகள் போன் பண்ணுவாள். இருவரும் பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள். "சாப்ட்டியாம்மா?" "ஆங், நீ?" அவ்வளவுதான்.

ஒருநாள் மகள் சொன்னாள்: "அஞ்சாம் மாசம்மா." அப்புறம், "ஏழாம் மாசம் சோறு நீ எடுத்துகினு வருவியா?" என்றாள்.

ஏழாம் மாதம் தாய்வீட்டிலிருந்து ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு போய் மகள் வாயில் ஊட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். கோடீஸ்வரியானாலும் கூலிக்காரியானாலும் அந்தச் சோற்றைத் தாய்தான் கொண்டுபோக வேண்டும். ரஞ்சிதம் "வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். எப்படி என்று யோசிக்கவில்லை. பஸ் பள்ளிப்பட்டோடு நின்றுவிடும். அதற்கப்புறம் ஒன்பது கிலோமீட்டர். யாரையாவது கூட்டிப்போகச் சொன்னால், அவள் வாசலைத் தாண்டுவதற்குள் செய்தி கோதண்டத்தின் காதில் இருக்கும்.

காலண்டர் ஆணியில் தொங்கிய சாவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சாக்கை உருவிவிட்டு, பொத்தானை அழுத்தினாள். முதல் அழுத்திலேயே வண்டி உயிர்பிடித்துக்கொண்டது. "தணிகைமலையானே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்காரரிடம், மாட்டுத் தீவனம் எடுத்துவர வண்டி கற்றுக்கொள்வதாகச் சொன்னாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கத்துக்கோ," என்றார். எல்.எல்.ஆர். வாங்கினாள். எல்லையில் செக்போஸ்ட் இருக்கிறது, லைசென்ஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டால் வீட்டுக்குத்தான் போன் போகும் என்ற பயம்.

ஊரில் வண்டி பழக வசதியான இடம் கங்கையம்மன் கோயில் திடல்தான். கோயிலைச் சுற்றி நல்ல அகலமான மண்தரை. அங்கே ஒரு மாதம் சுற்றினாள். முதல் வாரம் கோயில் மதிலில் முட்டினாள். இரண்டாம் வாரம் எதிர்வீட்டு ஜெயம்மாவின் வடகத்தின் மேல் ஏற்றினாள். ஜெயம்மா இவளைவிட மூத்தவள், வாய் சும்மா இருக்காது.

"ஏய் ரஞ்சிதம், வடகத்துல பல்லாங்குழி ஆடிட்டியேடி! நாளைக்கு மொளகா காயப்போடறேன், அதுல ஏத்து, அரைக்கிற கூலியாச்சும் மிச்சம்."

மூன்றாம் வாரம் வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. நாலாம் வாரம் ஒரு கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டே சுற்றினாள். ஜெயம்மாவே வாயைப் பிளந்தாள்.

டெஸ்ட் நாளன்று ஜெயம்மாவின் புருஷன் பஞ்சாட்சரம் வண்டியை ஓட்ட, ரஞ்சிதம் வழக்கம்போலப் பின்சீட்டில் திருத்தணிக்குப் போனாள். தரையில் எட்டு வரைந்திருந்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். எட்டின் முதல் வளையத்தை அழகாகச் சுற்றினாள். இரண்டாவது வளையத்துக்கு இடது பக்கம் ஒடிக்க வேண்டும். கை ஒடித்தது, உடம்பு வரவில்லை. காலை ஊன்றினாள், ஊன்றிய கால் மடங்கி, வண்டியோடு விழுந்தாள். வரிசையில் நின்ற காலேஜ் பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அதுதான் அதிகம் வலித்தது, ஒவ்வொருத்தியும் அவள் மகள் வயதில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து சாக்கை எடுத்து வண்டியை மூடினாள். நமக்கெதற்கு இந்த வேலை, பின்சீட்டுக்குப் பிறந்தவள் பின்சீட்டில் இருக்கவேண்டியதுதான் என்று முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். மூன்றாம் நாள் மகள் போன் பண்ணினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உடும்மா, பெருசா அடி படாம கீறியே, அதுபோதும். சோறு எங்க அத்தையே செஞ்சி போட்டுடறேன்னாங்க," என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். மாமியார்க்காரியும் நல்லவளாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் ரஞ்சிதத்துக்கு வயிறு எரிந்தது. என் பிள்ளைக்கு இன்னொருத்தி ஊட்டுவதா? போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தவள், அப்படியே திடலுக்குப் போய் நின்றாள்.

முன்தினம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவள் ஒரு மாதம் ஓட்டிய தடத்தில் தண்ணீர் தேங்கி, கோயிலைச் சுற்றி ஒரே வட்டமாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமும் அவள் வலமாகத்தான் சுற்றியிருக்கிறாள்! கோயிலை யாராவது இடமாகச் சுற்றுவார்களா? வண்டியில் போனாலும் அம்மனுக்கு வலம்தானே வந்தாக வேண்டும்? யோசித்துச் செய்யவில்லை, வண்டியைக் கிளப்பினால் கை தானாக அந்தப் பக்கம்தான் போயிற்று. ஆக, அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாமலில்லை. இடது பக்கம் திரும்பத்தான் தெரியாது. இதற்குப் போய் மூன்று நாள் அழுதோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அதற்காக அம்மனை இடமாகச் சுற்ற அவள் தயாராக இல்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சாக்கை உருவி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குப் போனாள். ஏரியில் ஒரு மூலையில்தான் தண்ணீர். மீதித் தரையில் தனியாக ஒரு வேலமரம். அதற்கு வலமும் கிடையாது இடமும் கிடையாது. பத்து நாள் அந்த மரத்தை இடமாகவே சுற்றினாள். நாலு தடவை விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து, எந்த இடத்தில் பயந்து காலை ஊன்றினோம் என்று பார்த்து, அதே இடத்தில் மறுபடியும் திருப்பினாள். பதினோராம் நாள் அந்த இடம் எங்கே என்றே தெரியவில்லை.

"போன தடவ விழுந்தவங்கதான?" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

"ஆங் சார். இப்ப ரெண்டு பக்கமும் வரும்."

வந்தது.

ஏழாம் மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, விடிகாலையில் எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் செய்து அடுக்கு டிபன் கேரியரில் கட்டினாள். மல்லிப்பூவும் கண்ணாடி வளையலும் எடுத்துக்கொண்டாள். "மலைக்குப் போய்ட்டு வந்துடறேங்க," என்றாள். மலை என்றால் அவர் கூட வரமாட்டார். கோதண்டம் அந்த ஐந்தடுக்கு கேரியரை ஒரு தரம் பார்த்தார். "பெட்ரோல் கீதான்னு பாத்துக்கோ," என்றார்.

பள்ளிப்பட்டைத் தாண்டி ஒரு புளியமரத்து முக்கூட்டில் சாலை இடது பக்கம் பிரிந்தது. ரஞ்சிதம் திருப்பினாள். செக்போஸ்ட்டில் அவளை ஒருவரும் நிறுத்தவில்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய லைசென்ஸை யாராவது கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

தறிச்சத்தம் கேட்கும் தெருவில் மகள் வாசலுக்கு வந்தாள். வயிறு முன்னால் வந்தது, அவள் பின்னால் வந்தாள். அம்மாவைப் பார்த்தவள், உடனே அம்மாவுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"யாரும்மா இட்டுகினு வந்தாங்க?"

"யாரும் இல்லடி. நானேதான்."

மகள் அழுதாள். அம்மாவும் அழுதாள். ராஜீவ் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தறிக்கே ஓடிவிட்டான். ரஞ்சிதம் மகளுக்குப் பூ வைத்து, வளையல் போட்டு, ஐந்து சோற்றிலும் ஒவ்வொரு வாய் ஊட்டினாள். பதினாலு மாதம் காத்திருந்த கை, ஐந்து வாயில் அடங்குமா? கேரியர் காலியாகும்வரை ஊட்டினாள்.

கிளம்பும்போது தேவிப்பிரியா தன் பழைய வண்டியைத் தடவிக்கொடுத்தாள். குனிய முடியாமல் குனிந்து, ஆயில் மூடியைத் திறந்து பார்த்தாள். "ஆயில் புதுசா மாத்தி கீது. டயரும் நல்லா கீது. சர்வீஸ் உட்டியாம்மா?"

"நான் எங்கடி உட்டேன்? பெட்ரோல் போடறதோட சரி."

மகள் நிமிர்ந்தாள். "நைனா நல்லா கீறாராம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும் வழியெல்லாம் ரஞ்சிதத்துக்கு அதே யோசனை. ஒரு வருஷம் சாக்குக்கு அடியில் நின்ற வண்டி எப்படி முதல் அழுத்தில் கிளம்பியது? முருகன் எத்தனையோ செய்வார், ஆயில் மாற்றுவாரா?

கோதண்டம் வாசலில், மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவள் வண்டியை நிறுத்திவிட்டு நேராகக் கேட்டாள்.

"இந்த வண்டிய யாருங்க பாத்துகினு இருந்தது?"

அவர் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ ஞாயித்துக்கெழம சந்தைக்குப் போவ இல்ல, அப்ப ஸ்டார்ட் பண்ணி வெப்பேன். புள்ள வந்தா வண்டி ஓடணுமில்ல?"

ரஞ்சிதம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த மனுஷனும் இத்தனை மாதம் அவளைப் போலவேதான் ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

"வயிறு பெருசா கீதா?" என்றார்.

"ஆங்."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். பிரசவத்துக்குத் தாய்வீடுதான் வரவேண்டும் என்றார், ஏழு மாதக்காரியை ஸ்கூட்டியில் ஏற்றக் கூடாது என்றார், காலையில் அந்த ஐந்தடுக்கு கேரியரைப் பார்த்ததுமே வெள்ளிக்கிழமைக்கு ஆட்டோ சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அப்புறம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"நீ வண்டில முன்னால போ, நான் ஆட்டோல பின்னால வர்றேன். வழி உனக்குத்தான தெரியும்."