சாமி குடியிருந்த வீட்டுக்கு லோன்

நேற்று புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். அப்பாடா! இதை எழுதும்போதுதான் மூச்சே சீராக வருகிறது.

அரியலூரில் நாங்கள் பார்த்த வீட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது - பட்டா, பத்திரம், போர் தண்ணீர் உட்பட. அளக்க வந்த பேங்க் எஞ்சினியர் கொல்லைப்பக்கம் போனதும் நின்றுவிட்டார். வேப்பமரத்தடியில் மூன்று செங்கல், ஒரு வேல். வீட்டை விற்கும் செல்வராசு அண்ணனின் குலசாமி. வருடம் ஒருமுறை பங்காளிகள் எல்லோரும் வந்து பொங்கல் வைத்து, கிடா வெட்டுவார்களாம். எஞ்சினியர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

போட்டோவைப் பார்த்த பேங்க் மானேஜர் கையை விரித்துவிட்டார்.

"நாளைக்கு நீங்க தவணை கட்டலைன்னா, நான் சாமியவா சார் ஏலம் வுட முடியும்?"

வாடகை வீட்டிலோ காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. லோன் கேட்டதே என் மனைவி மீனாவின் டீச்சர் சம்பளத்தை நம்பித்தான். என் எழுத்தை நம்பி எந்த பேங்க் கடன் கொடுக்கும்?  

செல்வராசு அண்ணன்தான் வழி சொன்னார். "பிடிமண் எடுத்துட்டுப் போயி சாமிய எங்க வெள்ளாமக் காட்டுல வச்சுக்கறோம் தம்பி. ஆனா சாமி உத்தரவு குடுக்கணும். பூ போட்டுப் பாத்துடுவோம்."

"குடுக்கலைன்னா?"

"அப்ப வூட்ட விக்க முடியாது தம்பி. அட்வான்ச வாங்கிக்குங்க."

வெள்ளிக்கிழமை பங்காளிகள் கூடினார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சம்மதம். அண்ணனின் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். கிரெடிட் ஸ்கோர் பார்த்தபோதுகூட எனக்கு இப்படி வேர்த்ததில்லை...

வெள்ளை!

மீனா அழுதேவிட்டாள். நானும்தான்.

ஒரு கைப்பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு, வேலும் செங்கல்லுமாகக் கல்லங்குறிச்சி பக்கம் இருக்கும் அவர்கள் காட்டுக்குப் போனார்கள். இனி இங்கே உரிமை கேட்க மாட்டோம் என்று பங்காளிகள் கையெழுத்தும் போட்டார்கள். எஞ்சினியர் மறுபடி வந்து காலி இடத்தைப் படம் பிடித்தார். லோன் வந்துவிட்டது.

பத்திரத்தில் யார் பெயர் இருந்தால் என்ன? நம் ஊரில் ஒரு வீட்டில் யார் யாருக்கோ பங்கு இருக்கிறது.

நேற்று சாயங்காலம் கொல்லையில் வெளிச்சம். வேப்பமரத்தடியில் மீனா அகல் ஏற்றி வைத்திருந்தாள்.

"இவ்ளோ நாள் சாமி இருந்த எடம்... இருட்டா கெடக்க வேணாங்க" என்றாள்.

மானேஜர் சார், நீங்கள் இதைப் படித்தால்... அது வெறும் விளக்குதான்!