கரீம் பாய்க்குக் காணாமல் போன வைரஸ்

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சாவுக்குப் பயம் வந்துவிட்டால் அதற்கு அளவே கிடையாது. பக்கத்துக் கடையில் ஜிப் விற்கிற எனக்கு அவரை இருபது வருஷமாகத் தெரியும். போன வருஷம் அவர் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அன்றிலிருந்து மனிதர் தன் வீட்டிலேயே அந்நியராகிவிட்டார். ஏணி ஏறிப் பரணில் உட்கார்ந்து, தனித் தட்டில் சாப்பிட்டார். அதுவும் பாதிச் சோறுதான். வைரஸ் ஒரு பூச்சி, பட்டினி போட்டால் செத்துப்போகும் என்பது அவருடைய சொந்த வைத்தியம். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் மூன்று மாதம் தவறாமல் விழுங்கினார். ஆள்தான் பாதியாகிப் போனார்.

அவர் கவலையெல்லாம் மகள் சஃபீனாவின் கல்யாணம். அவர்கள் வீட்டு விருந்தில் ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கை போட்டுச் சாப்பிடுவார்கள். அதற்கு சஹன் என்று பெயர். பெண்ணின் வாப்பா சம்பந்தியோடு ஒரே சஹனில் உட்காராவிட்டால் பெரிய மனத்தாங்கலாகிவிடும். உட்கார்ந்தாலோ, அவருக்கும் நோய் ஒட்டிவிடும் என்று இவர் நடுங்கினார்.

மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட், கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்தது. இங்கிலீஷ் படிக்க என்னைக் கூப்பிட்டார். 'நாட் டிடெக்டட்' என்று போட்டிருந்தது. நானும் பெரிய மேதாவி மாதிரி, வைரஸைக் காணோம் என்று சொல்லித் தொலைத்தேன்.

"காணோம்னா? எங்க போயி ஒளிஞ்சிருக்கு பாண்டி?"

சாவியைக் காணோம் என்றால் சாவி எங்கேயோ கிடக்கிறது என்றுதானே அர்த்தம். அதன் பிறகு நான் எவ்வளவு விளக்கியும் மண்டையில் ஏறவில்லை. அவரையும் அவர் மனைவி மெஹராஜையும் டாக்ஸியில் ஏற்றி, சயானில் அவருக்கு மாத்திரை கொடுத்த டாக்டர் இசக்கிசெல்வியிடம் கூட்டிப்போனேன்.

"டாக்டரம்மா, அது செத்துருச்சா இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "உசுரு இருந்தாத்தான பாய் சாகுறதுக்கு?"

வைரஸ் தின்னாது, மூச்சு விடாது, வளராது என்றார். வெளியே கிடந்தால் தானாக ஒன்றும் செய்யாது. நம் உடம்பின் செல்லுக்குள் நுழைந்தால் மட்டும், அந்தச் செல்லையே வேலை வாங்கித் தன்னைப்போல் ஆயிரம் செய்துகொள்ளும். பெருகுகிறதே, உயிர்தான் என்று சில விஞ்ஞானிகளும், சொந்தமாக ஒன்றும் செய்யத் தெரியாதது எப்படி உயிராகும் என்று சிலரும் இன்னும் சண்டை போடுகிறார்களாம்.

தோலின் மேல் வைத்து அளவு வெட்டுகிற அட்டை போலவா என்று கேட்டார் கரீம் பாய். ஆளும் மிஷினும் நம்முடையது, பை மட்டும் அட்டை சொல்கிறபடி வரும் என்றார். டாக்டரே அசந்துபோனார். அந்த அட்டை இப்போது உடம்பில் இல்லை, குணமாகிவிட்டது என்றார்.

அப்படியானால் சஹனில் உட்காரலாமா என்று மெதுவாகக் கேட்டார். இது ரத்தத்தோடு ரத்தம் கலந்தால் ஒட்டுவது, சோற்றில் ஒட்டாது, முதல் நாளே சொன்னேனே என்றார் டாக்டர். அன்றைக்கு இவர் எதைக் காதில் வாங்கினார்? கரீம் பாய் நாலு தடவை அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

வெளியே வந்ததும் அவருக்கு வேறு வருத்தம் பிடித்துக்கொண்டது. தின்னாத ஒன்றைப் பட்டினி போடுகிறேன் என்று ஏழு மாதமாகப் பாதிச் சோற்றை வீணாக்கிவிட்டேனே என்றார்.

"ஒண்ணும் வீணாவல," என்றார் மெஹராஜ். "ஒங்க தட்டுல மிச்சம் இருந்தத தெனமும் நாந்தான் தின்னேன்."

"ஒனக்குப் பயமா இல்லயா?"

"அன்னைக்கு டாக்டரம்மா சொன்னது என் காதுல விழுந்துச்சு. இருந்தாலும் பயந்தான். நீங்க தனியா இருந்து தின்னது அதவிடப் பயமா இருந்துச்சு."