வரலாறு டீச்சர் அனுப்பிய கூலியாள்

உங்களில் சிலர் டீச்சராகப் போகிறேன் என்கிறீர்கள், பிள்ளைகளே. அதனால்தான் என் மகளைப் பற்றி எழுதுகிறேன். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அவள் வரலாறு படித்தாள். கொடைக்கானலில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. நிரந்தரமில்லை, சம்பளமும் சொற்பம். ஆனாலும் சாயங்காலம் வந்து சாப்பிட உட்கார்ந்தால், அன்று எடுத்த பாடத்தை எங்களுக்கும் நடத்துவாள். செத்துப்போன ராஜாக்களெல்லாம் எங்கள் அடுப்படியில் வந்து சண்டை போட்டார்கள்.

எங்கள் ஊரில் பூண்டு எடுக்க ஒரு முறை உண்டு. இன்றைக்கு ஒரு வீட்டுப் பூண்டுக் காட்டில் எல்லா வீட்டு ஆட்களும் இறங்குவார்கள், நாளைக்கு அடுத்த வீட்டுக் காடு. கூலி கிடையாது. ஆளுக்கு ஆள்தான் பதில். எங்கள் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போவோம். அந்த வருஷம் அவள் சரிவில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். அவள் இடத்துக்கு மகள்தான் போக வேண்டும். பள்ளிக்கூடத்திலோ பரீட்சை நேரம். லீவு போட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை நடந்தால் சரிதானே என்று மகள் நினைத்தாள். தன் சம்பளத்தில் ஒரு கூலியாளைப் பிடித்து அனுப்பினாள்.

அன்று சாயங்காலமே, ஆள் போன காட்டுக்காரி எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏ டீச்சரு, போன போகத்துல ஒங்க காட்டுல குனிஞ்சது நானா, எங்க வீட்டுப் பணமா?"

"ஸ்கூல் இருக்கு அத்தை. ஆளு நல்லாத்தான வேலை பாத்தாரு?"

"பாத்தாரு, பாத்தாரு. ராசா கதை சொல்லவும் கூலிக்கு ஆள் அனுப்பிற வேண்டியதுதான?"



எங்கள் முறை வந்த அன்று வெள்ளனே போய்க் காட்டில் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. நானும் அந்தக் கூலியாளும் ஒரு மூலைதான் எடுத்திருப்போம், மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் விடவில்லை. பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகியது. விதைக்குக்கூட மிஞ்சவில்லை.

மழை விட்ட காலையில் மகள் பள்ளிக்கூடம் கிளம்பவில்லை. அம்மாவின் வேலைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைகளுக்குப் பரீட்சையாச்சே, தாயி."

"மத்த காடெல்லாம் பிந்திப் போட்டது, முறை அப்படியே பாக்கி கெடக்குப்பா. போகலைன்னா நாளைக்கு நமக்கு விதை யாரு குடுப்பா?"

"ஒன் சோலி போயிருமே."

"போயிரும்."

போய்விட்டது. அவள் வகுப்பைக் கம்ப்யூட்டர் வாத்தியாரிடம் சேர்த்துக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். ஊர் எங்களுக்கு விதை கொடுத்தது. அடுத்த முறைக்கு ஆட்களும் வந்தார்கள், அந்தக் காட்டுக்காரி முதல் ஆளாக.

என் மனைவி இப்போது கம்பூன்றித்தான் நடக்கிறாள். பள்ளிக்கூடம் திறக்கும் ஒவ்வொரு ஜூனிலும், "இந்த வருஷம் கேட்டுப் பாரேன் தாயி" என்பேன். "முறைக்கு யாருப்பா போறது?" என்பாள்.

சாப்பிடும்போது அவள் பாடம் நடத்துவதில்லை. மழை வருமா வராதா என்று பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம்.