மகளின் வீங்கிய காது

சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் கறையக்கா. பதினெட்டு வருடமாக விடுதிப் படுக்கை விரிப்பும் விளையாட்டு மன்றங்களின் உடுப்பும் அவள் கை பட்டுத்தான் இயந்திரத்துக்குள் போகின்றன. கறையைப் பார்த்தாலே போதும், துணிக்குச் சொந்தக்காரர் எங்கே விழுந்தார், வீட்டில் என்ன பொய் சொன்னார் என்பதுவரை சொல்லிவிடுவாள். "உங்ககிட்ட என் புருஷன் சட்டையக் காட்டவே பயமா இருக்குக்கா," என்று கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். கணவன் போனபின் ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். எடுத்த எடுப்பில் ஒருவரை நம்புவது அவளுக்குக் கைவராத வித்தை.

மகள் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடப்போகிறேன் என்றபோது ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மைதானத்துக்கே போனாள். ஹெல்மெட்டை வாங்கித் தட்டிப் பார்த்தாள், முகக்கம்பியை இழுத்துப் பார்த்தாள், தோள் கவசத்தை அமுக்கிப் பார்த்தாள். அதன் பிறகுதான் வாய் திறந்தாள். "தலையில இது இருக்கிறவரைக்கும் ஆடு."

இப்போது மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மாப்பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வந்தார்கள். எப்போதும் முடியை அள்ளிக் கட்டுகிற மகள் அன்றைக்குக் காதை மூடி விரித்துவிட்டிருந்தாள். தட்டை எடுக்கக் குனிந்தபோது முடி விலகியது. இடது காது மடிப்பெல்லாம் தூர்ந்து, சிவந்து, உப்பிக் கிடந்தது.

"என்னடி இது?"

"பிராக்டிஸ்ல இடிச்சுக்கிட்டேன்மா."

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெல்மெட்டுக்குள் இருக்கிற காது எப்படி வீங்கும்? அன்று முழுக்க அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. அடுத்த வாரம் மகளின் மேல்கையில் நான்கு விரல் தடம், நீலம் பாரித்து. யாரோ இறுக்கிப் பிடித்த பிடி. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! மகளைக் கேட்டால் மழுப்புவாள். நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

"மாப்பிள்ளை, என் பொண்ணு மேல கை வைக்கிறீங்களா?"

துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி அவர் கையிலிருந்து நழுவியது. "ஐயோ அத்தை! என்ன கேக்குறீங்க!"

"அப்ப அந்தக் காது?"

அவர் வாசலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "நான் சொல்லக்கூடாது. அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். சனிக்கிழமை மூணு மணிக்கு ஆத்துப்பாலத்துப் பக்கத்து மைதானத்துக்கு வாங்க. நீங்களே பாத்துக்கங்க."

மகள் ஆடுவது அந்த மைதானமே இல்லையே! திருடன் முழிக்கிற முழியாகத்தான் அவளுக்குப் பட்டது. ஆனாலும் போனாள்.

அங்கே ஒருத்தி தலையிலும் ஹெல்மெட் இல்லை. அரைக்கால் சட்டையும் காலர் வைத்த பனியனும்தான். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளோடு தோள் கோத்துக் குனிந்து மாடு முட்டுவதுபோல் தள்ளினார்கள். முன்வரிசையில் இரு தலைகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டிருந்தது அவள் பெற்ற தலை.

"அடிப்பாவி!" என்று எழுந்தவளைப் பக்கத்திலிருந்த மாப்பிள்ளை உட்காரவைத்தார். "இது வேற ஆட்டம் அத்தை. ரக்பி. கல்யாணத்துக்கு முன்னாடியே மாறிட்டா. ஹெல்மெட் இல்லன்னு தெரிஞ்சா விடமாட்டீங்கன்னு சொல்லல."

மகள் முன்பு ஆடிய ஆட்டத்தில் ஒருவர் விழுந்தால் விசில் ஊதி நிறுத்தி, கூடிப் பேசி, திரும்பத் தொடங்குவார்கள். இங்கே விழுந்தவள் பந்தை விட்டுவிட்டு உருண்டு விலக, மற்றவர்கள் அவளைத் தாண்டி ஆடிக்கொண்டே இருந்தார்கள். பந்தை முன்னால் வீசக் கூடாதாம். பின்னால் வருகிறவளிடம்தான் கொடுக்க வேண்டுமாம்.

ஆட்டம் முடிந்து சேறும் வேர்வையுமாக வந்த மகள் அம்மாவைக் கண்டு நின்றுவிட்டாள்.

"பொய் சொன்னியே."

"சொன்னேம்மா. தப்புதான். ஆனா ஒண்ணு கேளு. பழைய ஆட்டத்துல தலையில கவசம் இருக்குங்கிற தைரியத்துல தலையாலயே மோதுவாங்க. கையில பந்து இல்லாதவளையும் இடிச்சுத் தள்ளலாம். இதுல பந்து வெச்சிருக்கிறவளத்தான் பிடிக்கலாம். அதுவும் தோளுக்குக் கீழ, கையால கட்டிப் பிடிச்சு. அந்தப் பிடிதான் இந்த நீலம். காது, குனிஞ்சு முட்டுறப்ப நசுங்கினது."

"அடி படாதா?"

"படும். படாதுன்னு சொன்னா அது இன்னொரு பொய்."

அந்தப் பதில்தான் அவள் கோபத்தைக் கொஞ்சம் இறக்கியது. மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். "கடைக்குள்ள வந்து அப்படிக் கேட்டிருக்கக்கூடாது," என்றாள். "கேக்காம இருந்திருந்தாதான் அத்தை தப்பு," என்றார் அவர். அன்றைக்குத்தான் அந்த மனுஷன் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சம்மதம் என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. அணியின் மருத்துவரை மடக்கி விசாரித்து, இந்த ஆட்டத்திலும் மெத்தென்ற தொப்பி போடலாம், அது மூளையைக் காக்காது, காதைக் காக்கும் என்று தெரிந்துகொண்டாள். மறுவாரமே ஒன்றை வாங்கி வந்தாள். மகள் முணுமுணுத்தபடி மாட்டிக்கொண்டாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் முதல் வரிசையில் மாப்பிள்ளை பக்கத்தில் அவளைப் பார்க்கலாம். போன வாரம்கூட ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷமே அவர் காதில் கிசுகிசுத்தாள். "எதிரணியில அந்த மூணாம் நம்பர்காரி சரியில்ல மாப்பிள்ளை. அவ மேல ஒரு கண்ணு வையுங்க."