டப்பாக்காரர் யார்?

எங்கள் சங்கத்துச் செயலாளரே, ரீச்சரின் கவிதையை ஆண்டு மலரிலிருந்து தூக்கியது நீங்கள்தான். இடம் போதவில்லை என்றது பொய். உங்கள் படம் மட்டும் அதில் ஏழு இடத்தில் இருக்கிறது.

என் வானில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா இருக்கிறது. அது ரீச்சருடையது. வெள்ளிக்கிழமைகளில் டண்டினொங்கிலிருந்து த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோவிலுக்குச் சங்கத்து ஆட்களை நான்தான் ஏற்றிப் போவேன். பூசை முடிந்ததும் பொங்கலும் வடையும் தருவார்கள். வீட்டுக்கும் கொண்டுபோக டப்பா கொண்டுவராத ஆள் எங்கள் வானில் கிடையாது. ரீச்சர் முன் சீற்றில் இருப்பார். ஊரில் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலக் கதைப்பாடல்கள் படிப்பித்தவர். எனக்கு அதெல்லாம் தெரியாது. அவர்தான் சொன்னார்: "அந்தக் காலத்து இங்கிலீசுப் புலவன் பேர் சொல்லமாட்டான் தம்பி. துறவி, வியாபாரி, வக்கீல் எண்டுதான் சொல்லுவான். விரதம் பிடி எண்டு ஊருக்குச் சொல்லுற துறவிக்கு ஏன் இவ்வளவு தொப்பை எண்டு கேப்பான். பாட்டைக் கேக்கிறவன் தன்னை விட்டிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனைப் பாப்பான்."

அதே மாதிரி எங்களையும் எழுதினார். வான் சாரதி சிவப்பு விளக்கோடும் சண்டை பிடிப்பான் என்று எனக்கும் நாலு வரி. இரண்டு கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை. பிறகு அதையே பெரிதாக எழுதிக் கண்ணாடிக்கு மேல் ஒட்டினேன். உண்மையை எழுதியவரோடு எத்தனை நாள் கோபிப்பது?

ஒருநாள் போகிற வழியில் வாசித்தார்:

கடவுளை ஒருமுறை சுற்றுவார்,
மடப்பள்ளியை மும்முறை சுற்றுவார்;
நெற்றி நிறைய நீறு,
பை நிறைய டப்பா.

சிரிப்பில் வான் குலுங்கியது. நீங்கள் மட்டும் பின்னுக்கிருந்து கத்தினீர்கள்: "ரீச்சர், இது என்னைத்தான். நான் சும்மா விடமாட்டன்!"

"ஐயோ தம்பி, அது நான்," என்று ரீச்சர் தன் பையைத் திறந்து மூன்று டப்பாவை எடுத்துக் காட்டினார். "எழுதுறவன் தன்னையும் கூட்டத்திலை நிப்பாட்டவேணும். இல்லாட்டி அது பகிடி இல்லை, கோள்."

"அப்ப எங்கடை டப்பாவை வெளியிலை எடுக்கலாமோ?" என்றார் ஒரு அன்ரி. அன்று என் பையில் இரண்டு இருந்தன.

ரீச்சர் இப்போது சிட்னியில், மெரிலேண்ட்ஸில் மகளோடு இருக்கிறார். போகும்போது ஒரு டப்பாவை என்னிடம் தந்து, "எனக்கும் ஒரு பிடி பொங்கல் எடுத்து வையும்," என்றார். கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்து, "மலர் வந்திட்டுதோ?" என்று கேட்கிறார். மலர் நேற்று வந்தது. அந்த டப்பாக் கவிதை வரவேண்டிய பக்கம் அதில் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேற்றிரவு வந்த அவருடைய போனை நான் எடுக்கவில்லை. எனக்கு இந்த நிலையைத் தந்தது நீங்கள்.

வருகிற பொதுக்கூட்டத்தில் இந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் இருப்பேன். கவிதையில் வருவது தான்தான் என்று ரீச்சர் வான் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். நீங்களும் மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: அந்த நாலு வரியில் எந்த வரி உங்களுடையது?