நெற்றிக்காசு

தஞ்சாவூரில் பழைய நாணயம் வாங்கும் அந்த மனிதருக்கு முன்பல் இரண்டும் கிடையாது. எந்தக் காசைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். நான் நீட்டிய வெள்ளி ரூபாயையும் முகர்ந்தார்.

“சந்தன வாசம் வருதே. பொணத்து நெத்தியில வச்சதா?”

“இல்லீங்க, அம்மா பெட்டியில இருந்துச்சு.”

அவர் தன் போனை என் பக்கம் திருப்பினார். “போன வாரம் ஒருத்தங்க விலை கேட்டு அனுப்புன போட்டோ. ஓரத்துல இதே வெட்டு இருக்கு பாருங்க.”

படத்தில் அம்மா மாலையோடு படுத்திருந்தாள், நெற்றியில் இந்தக் காசு. மேலே, அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில், என் தங்கையின் பெயர். சாவு வீட்டில் என்னைவிட அதிகம் அழுதவள்.

“அவங்களுக்குச் சொன்ன விலைதான் உங்களுக்கும்.”

“எவ்வளவுங்க?” என்றேன்.

சொல்வதற்கு முன் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிணத்தின்மேல் இருந்த காசு என்பதாலா, நான் கொடுத்த காசு என்பதாலா என்று நான் கேட்கவில்லை.