கேள்வி நம்பர் சொன்னால்தான் விடை வரும்

இன்று உப்புவெளி பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு தாயும், தரம் இரண்டு படிக்கும் மகளும்.

மகள் பாடப்புத்தகத்தில் ஆட்டுக்குட்டி தொலைந்த கதையைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்தாள். தாய் அதை வட்ஸ்அப் குழுவுக்கு வீடியோ எடுத்தார்.

"வீட்டில நான்தான் படிப்பிக்கிறனான்" என்றார் பெருமையாக.

பிள்ளையிடம் கேட்டேன். "ஆட்டுக்குட்டி ஏன் அழுதது?"

அவள் தாயைப் பார்த்தாள்.

"எத்தினையாவது கேள்வி எண்டு சொல்லுங்கோ. விடையெல்லாம் நம்பர்படி பாடமாக்கி வச்சிருக்கிறா" என்றார் தாய்.



கொஞ்ச நேரத்தில் பிள்ளை என் கையைத் தொட்டாள். "அன்ரி, அம்மா ஆடு ஏன் தேடி வரேல்லை?"

"அப்பிடி ஒரு கேள்வி இல்லை. அடுத்த பாடத்த வாசியுங்கோ" என்றார் தாய்.

கதை விளங்கியது பிள்ளைக்கு மட்டும்தான். அதையும் வீட்டில் வைத்தே திருத்திவிடுவார்கள்.

வீட்டில் படிப்பிக்கும் பெருமக்களே, உங்கள் வீட்டில் இது எத்தனையாவது கேள்வி?